செங்கால் நாரையும் வேடந்தாங்கல் ஏரியும்

பறவைகளைப் பற்றி நம்மவர் எழுதத் தொடங்கினால், ஒரு வாக்கியம் அழையாமலே வந்து அமர்ந்துகொள்கிறது. சைபீரியாவிலிருந்து பல்லாயிரம் கல் கடந்து வந்து, வேடந்தாங்கலில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் வெளிநாட்டு விருந்தாளிகள் என்பதே அது. பள்ளிக் கட்டுரையிலும் வார இதழ்க் கதையிலும் இதனைக் காண்கிறோம். கேட்க இனிமையாய் இருப்பினும், இது உண்மைக்குப் பொருந்துவதன்று.

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில், நீரில் நிற்கும் மரங்களின்மேல் கூடுகட்டுவன கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா முதலியன. இவை பெரும்பாலும் இந்நாட்டிலேயே பிறந்து, நீரும் இரையும் தேடி ஏரிக்கு ஏரி இடம் மாறுபவை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் கூடுகின்றன. குஞ்சுகள் பறக்கக் கற்றதும் கலைகின்றன. வடபுலத்திலிருந்து வரும் கிளுவையும் ஊசிவால் வாத்தும் வேறு கூட்டத்தைச் சேர்ந்தவை. அவையும், மாமல்லபுரம் செல்லும் வழியில் முட்டுக்காடு, கோவளம் கழிமுகச் சேற்றைக் கிளறும் உள்ளான்களுள் பலவும், பங்குனி சித்திரையில் வடக்கே திரும்பி, அங்கேதான் முட்டையிடுகின்றன.

இந்த வேறுபாட்டை நம் பழம்புலவர் ஒருவர் நம்மினும் நன்கு அறிந்திருந்தார் என்பது எம் கருத்து. சத்திமுத்தப் புலவர் நாரையை விளித்துப் பாடிய தனிப்பாடலை அறியாத தமிழ் மாணவர் இலர். வகுப்பறையில் அது புலவரின் வறுமைக்கும் உவமைத் திறத்துக்கும் சான்றாகவே கற்பிக்கப்படுகிறது. நாரை வெறும் தூது மரபாக ஒதுக்கப்படுகிறது. ஆனால் அப்பாடலில் வரும் பறவைக்கு அடையாளம் உண்டு. சிவந்த கால்களும் பவள நிற அலகும் கொண்டு, குமரிவரை சென்று வடதிசை மீளும் நாரை அது. மத்திய ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் கூடுகட்டி, குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வந்து, வேனில் தொடக்கத்தில் திரும்பும் செங்கால் நாரைக்கே இவையெல்லாம் பொருந்துகின்றன.

இதே இனத்து நாரை ஒன்று, 1822-இல் ஜெர்மனியின் கிளூட்ஸ் ஊரருகே, கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி தைத்த நிலையில் கிடைத்தது. குளிர்காலத்தில் மறையும் பறவைகள் எங்கே செல்கின்றன என்னும் ஐயம் ஐரோப்பியருக்கு அதன்பின்னரே தெளியலாயிற்று. நம் புலவருக்கு ஈட்டி தேவைப்படவில்லை. ஏரிக்கரையில் நின்று பார்த்த கண் போதுமாயிருந்தது.

இந்த அறிவோடு படிக்கும்போது, பாடலின் துயரமே ஆழம் பெறுகிறது. புலவர் கூடல் மாநகரில் வாடைக் காற்றில் நடுங்குகிறார். அது மார்கழி, தைக் குளிர். நாரையோ வடக்கே மீளும் காலம் மாசிக்குப் பின்னரே. குமரியாடி வடக்கே செல்வீர்களானால் என்றுதான் அவர் கூறுகிறார். இன்றே செல்க என்று கூறவில்லை. எனவே, குளிரில் சொன்ன செய்தி, குளிர் தீர்ந்த பின்னரே மனைவியின் செவிக்கு எட்டும். விரைந்து செல்லும் தூதுவரை ஏவ இயலாத ஏழையின் தூது அது. இவ்வாறு படிக்கப் பாடல் இடந்தருகிறது.

ஓரிடத்தில் மட்டும் புலவர் இயற்கையை விட்டு விலகுகிறார். நாரையோடு அதன் துணையும் பயணம் செல்வதாகப் பாடுகிறார். செங்கால் நாரைகள் இணையோடு சேர்ந்து வலசை போவதில்லை. பெரும்பாலும் தனித்தனியே சென்று, பழைய கூட்டிலேயே மீண்டும் சேர்கின்றன. இங்கே பேசுவது கண்ணன்று, மனைவியைப் பிரிந்தவரின் ஏக்கம். கண்டதையும் ஏங்கியதையும் பிரித்தறிய நமக்குப் பறவையறிவு துணைசெய்கிறது. இலக்கியத் திறனாய்வுக்கு இது வேண்டாத பொருள் என்று எவரும் தள்ளிவிடலாகாது.

நாரை தங்கிச் செல்லப் புலவர் காட்டும் இடம் தம் ஊர் ஏரி. வேடந்தாங்கல் என்னும் பெயரில் உள்ள தாங்கலும் சிற்றேரியையே குறிக்கும். அவ்வூர் மக்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆங்கிலச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைக் கண்டு, செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டுக் கவுல் பெற்றனர்; 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பறவையை அவர்கள் விருந்தாளியாகக் கருதவில்லை. விளைச்சலின் பங்காளியாகவே கருதினார்கள்.

ஆகவே ஒரு தவறான சொல்லை நாம் சிறிதென எண்ணிவிடக் கூடாது. விருந்தாளிக்கு வேறு வீடு உண்டு. இங்கே இடமில்லையெனில் அங்கே செல்லும் என்று மனம் ஆறுதல் கொள்ளும். பிறந்தகத்தை இழந்த பறவைக்கு அந்த ஆறுதல் இல்லை. 2020-இல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் சுற்றெல்லையை 3 ஆகக் குறைக்கும் முன்மொழிவு எழுந்தபோது எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் இதனை உணர்ந்திருந்தார்கள். 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

எந்தப் பறவை, எந்த மாதம், எங்கே அதன் கூடு என்னும் மூன்று வினாக்களுக்கு விடை தேடிய பின் எழுதுவோர் எழுதட்டும். சத்திமுத்தப் புலவர் அவ்வாறே எழுதினார். அதனால்தான் அவருடைய நாரை இன்றும் பறந்துகொண்டிருக்கிறது.