பாதுகாப்பு மென்பொருள் எதைக் காக்கிறது?

இணையத்தில் தனியுரிமையைக் காப்பதற்கென்று விற்கப்படும் மென்பொருள்கள் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. வைரஸ் தடுப்பான், இணையப் போக்குவரத்தை மறைத்து அனுப்பும் விபிஎன், கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் செயலி, உலாவியில் பின்தொடரும் விளம்பர நிரல்களை மறிக்கும் நீட்சி என்று வெவ்வேறு வேலை செய்யும் பொருள்கள் இன்று ஒரே உறைக்குள், ‘டோட்டல் செக்யூரிட்டி’ போன்ற பெயர்களில், ஆண்டுச் சந்தாவுக்குக் கிடைக்கின்றன. திருச்சியில் புது மடிக்கணினி வாங்கும் மாணவரிடம் கடைக்காரர் கூடவே எடுத்து வைப்பது இதைத்தான். கல்லூரிகளில் நடக்கும் இணையப் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் முதல் வரிசை அறிவுரை இதுவே. மென்பொருளை நிறுவி அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டால் கணினி பாதுகாப்பாக இருக்கும், ஆகவே தனியுரிமையும் பாதுகாப்பாக இருக்கும் என்று அங்கே சொல்லப்படுகிறது. அந்த ‘ஆகவே’யில்தான் பிழை இருக்கிறது.

மென்பொருளால் நன்மையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஊரெல்லாம் சுற்றிவந்த பென் டிரைவ் கொண்டுவரும் வைரஸை அது பிடிக்கிறது. கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் வாட்ஸ்அப்பில் வந்து, ஓடிபியைத் திருடும் ஏபிகே கோப்புகளில் பலவற்றைத் தடுக்கிறது. 1991இல் சென்னையில் தொடங்கிய கே7 போன்ற நிறுவனங்கள் இத்துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கின்றன. மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 முதல் இலவசக் கருவிகளையே தருகிறது. விளம்பர நிரல்களை மறிக்கும் யூபிளாக் ஆரிஜின், செய்திகளை மறையாக்கி அனுப்பும் சிக்னல் போன்றவை காசு வாங்காமலே தனியுரிமைக்குச் செய்யும் உதவி பெரிது. கருவியைக் காப்பது என்ற அளவில் இவற்றைக் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் ஒருவரைப் பற்றிய தகவல்களில் பெரும்பகுதி அவருடைய கருவியில் இல்லை. ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ வாழும் ஓய்வுபெற்ற ஒருவரின் நிலையை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய ஆதார் எண் வங்கியில் இருக்கிறது, ரேஷன் கடையின் தரவுத்தளத்தில் இருக்கிறது, சிம் விற்ற கடையில் இருக்கிறது. நோய் விவரம் தில்லை நகர் ஸ்கேன் மையத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் இருக்கிறது. கைபேசி எண் என்.எஸ்.பி. சாலையில் புடவை வாங்கிய நாளிலிருந்து ஜவுளிக்கடைப் பட்டியலில் இருக்கிறது. பில் போட எண் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் அறிவுறுத்திய பிறகும் எண் கேட்பது நிற்கவில்லை. இத்தனை இடங்களில் ஒன்றைக்கூட அவர் கைபேசியில் உள்ள மென்பொருள் எட்டிப்பார்க்க முடியாது.

ஜெராக்ஸ் கடையில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஆதார் அட்டையை அச்செடுக்க வருபவரிடம் கடையின் எண்ணைச் சொல்லி, வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது சத்திரம் பேருந்து நிலையப் பக்கத்திலும் சரி, ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை ஒட்டிய தெருக்களிலும் சரி, அன்றாட வழக்கம். அனுப்பிய கோப்பு வழியில் யாராலும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டே போகிறது. தொழில்நுட்பம் தன் வேலையைப் பிசகில்லாமல் செய்துவிடுகிறது. போய்ச் சேரும் இடமோ நாள் முழுவதும் வாட்ஸ்அப் வெப் திறந்து கிடக்கும் ஒரு பொதுக் கணினி. ஆதார், பாஸ்போர்ட், மதிப்பெண் சான்றிதழ், சம்பளச் சீட்டு எல்லாம் அங்கே ஒரே கோப்புறையில் சேர்கின்றன. அவற்றை அழிக்க வேண்டும் என்று கடைக்காரருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அனுப்பியவரின் வைரஸ் தடுப்பான் குறை எதுவும் இல்லை என்றே காட்டும். அதன் இலக்கணப்படி அது உண்மைதான், ஏனென்றால் உரிமையாளரே தம் கையால் அனுப்பியிருக்கிறார்.

சிறு கடையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தில் உள்ள ஏறக்குறைய 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியானதாக 2021 ஜூன் மாதத்தில் செய்தி வந்தது. 2024 மே மாதத்தில் மாநிலக் காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் அத்துமீறி நுழைந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களும் மருத்துவ ஆவணங்களும் டெலிகிராம் பாட்கள் வழியே கேட்டவருக்கெல்லாம் கிடைத்தன. 3.1 கோடி பேரின் தரவு கையில் இருப்பதாகத் திருடியவர் சொல்லிக்கொண்டார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. இந்த மூன்றிலும் பாதிக்கப்பட்டவர் எந்த மென்பொருளை நிறுவியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. மிகுந்த எச்சரிக்கையோடு இருந்தவரும் சற்றும் எச்சரிக்கை இல்லாதவரும் ஒரே அளவில் இழந்தார்கள்.

இழப்பு தரவோடு நிற்பதில்லை. ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறிப்பவரின் பலம் கணினித் திறமையில் இல்லை. எதிரில் இருப்பவரின் முழுப் பெயர், முகவரி, ஆதாரின் கடைசி எண்கள், வெளிநாட்டில் இருக்கும் மகனின் பெயர் ஆகியவற்றைச் சரியாகச் சொல்வதில் இருக்கிறது. அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது என்று பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் சொல்ல நேர்ந்தது. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, தனியே வாழும் முதியவர்கள் நிறைந்த ஊர் ஸ்ரீரங்கம். சுங்கத் துறையிலிருந்து பேசுவதாக ஒரு குரல் மகன் பெயரைச் சொல்லும்போது அவர்கள் நம்புவது பேதைமையால் அல்ல. தம் வீட்டுச் செய்தி அயலாருக்குத் தெரிய வழியில்லை என்ற இயல்பான எண்ணத்தால். அவர்களிடம் போய் ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறீர்களா என்று கேட்பது கொடுமை.

காவல் நிற்கும் மென்பொருளே களவு போகும் வழியாகவும் ஆகியிருக்கிறது. வைரஸ் தடுப்பான் வேலை செய்ய வேண்டுமானால் எல்லாக் கோப்புகளையும், பல நேரம் உலாவும் முகவரிகளையும் பார்க்கும் உரிமை அதற்கு வேண்டும். அந்த உரிமையைக் கொண்டு அவாஸ்ட் நிறுவனம் திரட்டிய உலாவல் விவரங்களை அதன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் 2014 முதல் 2020 வரை நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்றது. அதற்காக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024இல் அவாஸ்டை 1.65 கோடி டாலர் செலுத்த வைத்தது. ஃபேஸ்புக் 2013இல் வாங்கிய ஓனாவோ, பாதுகாப்பு விபிஎன் என்ற பெயரில் பயனர்கள் வேறு எந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுத்தது. இந்தியாவில் விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஆணையிட்டபோது எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டு ஆகியவை தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டன. ஆணைப்படி இங்கே தொழில் நடத்தும் விபிஎன், தன் வாடிக்கையாளரைப் பற்றிய ஒரு பதிவேட்டையும் சேர்த்தே நடத்துகிறது.

மென்பொருள் முழுத் தீர்வல்ல, முதல் படி மட்டுமே என்று அதை ஆதரிப்போர் சமாதானம் சொல்வதுண்டு. இந்தச் சமாதானத்தை ஏற்பதற்கில்லை. இரண்டாம் படி என்ன என்று எந்த விழிப்புணர்வுக் கூட்டமும் சொல்வதில்லை. தகவலைத் திரட்டியவர் ஏன் திரட்டினார், எவ்வளவு நாள் வைத்திருப்பார், களவு போனால் யார் பொறுப்பு என்ற கேள்விகள்தான் அந்தப் படி. அவற்றைக் கேட்காமல் இருக்கச் செய்வதே முதல் படியின் உண்மையான விளைவாகிவிட்டது. 2022 மே 27 அன்று, உரிமம் பெறாத தங்கும் விடுதி போன்ற தனியார் நிறுவனங்கள் ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொள்ள அனுமதியில்லை என்றும், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுக்கலாம் என்றும் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் அறிவித்தது. வாங்குபவரின் பக்கம் விரல் நீட்டிய அரிய அறிவிப்பு அது. தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது என்று இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. அட்டைதாரர் வழக்கமான முன்யோசனையோடு நடந்துகொண்டால் போதும் என்று சொல்லப்பட்டது. வைகுண்ட ஏகாதசிக்கு வந்து ஸ்ரீரங்கத்தில் அறை கேட்கும் பக்தர், கைக்குழந்தையோடும் பெட்டியோடும் வரவேற்பு மேசை முன் நிற்கையில், எந்த முன்யோசனையைக் காட்ட முடியும்? விடுதிக்கும் அடையாளத்தைச் சரிபார்க்கும் கடமை உண்டு. சரிபார்ப்பது வேறு, நகலை வாங்கி ஆண்டுக்கணக்கில் அலமாரியில் போட்டுவைப்பது வேறு.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. திரட்டுவோர் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். தகவலை இழந்தவருக்கு அதில் பங்கில்லை. அரசு தான் விரும்பும் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளவும் இடம் வைக்கப்பட்டிருக்கிறது. அலட்சியத்தால் தரவு கசிந்தால் இழப்பீடு கோர, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்ற பிரிவு இதுவரை இருந்துவருகிறது. புதிய கடமைகள் தொடங்கும் அதே நாளில் அந்தப் பிரிவு நீக்கப்படுகிறது.