பழைய பேப்பர் லோரியில் வந்த மஞ்சள் வேன்

“சூராட் காபார் லாமா” என்று ஒலிபெருக்கி அலற தாமானுக்குள் வரும் லோரியில் நாம் சாமான் போடுவதுதான் வழக்கம். போன மழைக்காலத்தில் நான் அதிலிருந்து ஒன்றை எடுத்தேன். நாளிதழ்க் கட்டுகளுக்கும் இறக்கை உடைந்த மின்விசிறிக்கும் நடுவே நான்கு பருத்த சக்கரங்கள் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. திருப்பிப் பார்த்தால் மஞ்சள் வேன்: தாமியா நிறுவனத்தின் ‘லஞ்ச் பாக்ஸ்’ ரிமோட் வண்டி. லோரிக்காரர் 40 வெள்ளி சொன்னார். என் பேப்பர் கட்டுக்குத் தரவேண்டிய 6 வெள்ளியைக் கழித்துக்கொண்டு மீதியை வாங்கிக்கொண்டார்.

அதுவரை ரிமோட் வண்டியை நான் தொட்டதே இல்லை. புக்கிட் ரோத்தான் பக்கம் லயத்தில் வளர்ந்த எங்களுக்கு லோரி என்றால் சார்டின் டின். அறுந்த சிலிப்பரில் வட்டமாக வெட்டினால் சக்கரம். கயிறு கட்டினால் ஸ்டியரிங். பிறகு பள்ளிக்கூடத்தில் ‘தாமியா’ மோகம் வந்தது. அது இரண்டு பேட்டரி போட்டுத் தடத்தில் விட்டால் தன்பாட்டுக்கு ஓடும் சின்னக் கார். ரிமோட்டில் ஓடுவதெல்லாம் துரை பங்களாவுக்குப் போகிற சாமான்.

ஆகவே இது கைதேர்ந்தவன் எழுதும் விமர்சனம் அல்ல. பழைய ரிமோட் வண்டியை ஒரு கற்றுக்குட்டி பிரித்து, துடைத்து, ஓட வைக்க முடியுமா, போட்ட காசுக்கு அது தகுமா என்று பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

வண்டியைப் பற்றி

ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946இல் மர வியாபாரமாகத் தொடங்கிய நிறுவனம் தாமியா. ரிமோட் கார் உலகுக்குள் அது நுழைந்தது 1976இல், போர்ஷே 934 மாதிரியோடு. லஞ்ச் பாக்ஸ் 1987இல் வந்தது. நிஜ வண்டியின் 12இல் ஒரு பங்கு அளவு, 540 ரக மோட்டார், 7.2 வோல்ட் பேட்டரி, பின்சக்கர இழுவை. உடம்பு வேன், கால்கள் ராட்சச லோரி.

இதே வண்டியை நிறுவனம் 2005இல் மறுபடி வெளியிட்டது. கற்றுக்குட்டிக்கு முக்கியமான ஆண்டு இதுதான். டயர், கியர், உடல் கூடு எல்லாம் புதிதாகக் கிடைப்பது அதனால்தான். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அழுக்கைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அழுக்கு சோப்பில் போய்விடும். ஸ்பேர் கிடைக்காத வண்டி அலமாரியில்தான் நிற்கும். தோட்டத்து லோரி ஃபிட்டர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

ஸ்க்ரூவில் வாங்கிய அடி

முதல் நாளே இரண்டு ஸ்க்ரூக்களின் தலையை வழித்துவிட்டேன். கடல் காற்று அடிக்கும் ஊர், துரு இறுகியிருக்கும் என்று நினைத்து இன்னும் பலமாகத் திருகினேன். மூன்றாவதும் வழியத் தொடங்கியபோது வண்டியைத் தூக்கிக்கொண்டு ஈஜோக்கில் எனக்குப் பழக்கமான மோட்டார் சைக்கிள் பட்டறைக்குப் போனேன்.

“என்னண்ணே, இவ்வளவு இறுகிக் கெடக்கு?”

அவர் ஸ்க்ரூவைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைத்தான் பார்த்தார். “இறுகல தம்பி. இது ஜப்பான் ஸ்க்ரூ. உன் ஸ்க்ரூ டிரைவரு இதுக்கு ஒக்காராது.”

கப்சாய் மோட்டார் என்ஜின் மூடியைக் கழற்றும் தன்னுடைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வைத்து, உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டித் திருப்பினார். டக்கென்று விட்டது. நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் பிலிப்ஸ் ரகம். ஜப்பான் ஸ்க்ரூக்கள் ஜே.ஐ.எஸ். தரத்தில் வருபவை. இரண்டுக்கும் கூட்டல் குறிதான், ஆனால் பள்ளத்தின் வடிவம் சற்றே வேறு. பிலிப்ஸின் முனை அடிவரை இறங்காது. அழுத்தித் திருகினால் வழுக்கி மேலே வந்து, வரும்போது விளிம்பைச் சுரண்டிவிடும். 25 வெள்ளிக்கு ஜே.ஐ.எஸ். ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வாங்கினேன். இந்த வேலையில் நான் செய்த ஆக நல்ல செலவு அதுதான்.

பேட்டரி, வயர், ரேடியோ

பேட்டரிப் பெட்டியைத் திறந்தபோது வெள்ளைப் பொடி பூத்திருந்தது. நிக்கல் காட்மியம் பேட்டரி ஆண்டுக்கணக்கில் கிடந்தால் கசியும். அந்தக் கசிவு காரத்தன்மை கொண்டது. அதனால் கையுறை போட்டு, பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு சுத்தமான தண்ணீரில் ஒற்றி, நன்றாகக் காயவிட வேண்டும். காட்மியம் நஞ்சு. பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

உள்ளே இருந்த வேகக் கட்டுப்பாடு அந்தக் காலத்து வேடிக்கை. நாம் விசையை அழுத்தினால் ஒரு சர்வோ மோட்டார் கையை நீட்டி, செம்புத் தகடுகளின் மேல் ஒரு நாக்கை நகர்த்தும். மெதுவாகப் போக வேண்டுமென்றால், மிஞ்சிய மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் சூடாக்கிக் கழிக்கும். பாதி பேட்டரி வண்டி ஓட்ட, பாதி கை சுட. பார்க்க அழகு, பயன்படுத்தத் தொல்லை. அதைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, மின்னணு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைப் பொருத்தினேன்.

ரேடியோவும் அப்படித்தான். 27 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அந்தப் பழைய செட்டில் நிறம் குறித்த கிறிஸ்டல்களைச் செருக வேண்டும். ஒரே நிறத்தோடு இருவர் திடலுக்கு வந்தால், ஒருவர் ரிமோட் மற்றவர் வண்டியில் குறுக்கிடும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டில் அந்தச் சண்டை இல்லை. பழைய ஸ்டியரிங் சர்வோ நன்றாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டேன். ஆனால் ஒரு எச்சரிக்கை: சில பழைய சர்வோக்களில் வயர்களின் வரிசை வேறாக இருக்கும். எது நேர்மின், எது எதிர்மின் என்று பார்க்காமல் புது ரிசீவரில் செருகினால் புகைதான் வரும்.

மோட்டாரை மட்டும் மாற்றவில்லை. பேட்டரியில் தொட்டதும் கரகரத்தது, ஒரு நிமிடத்தில் சீராகிவிட்டது.

கியரும் உடம்பும்

கியர்பெட்டியில் கிரீஸ், மரப்பட்டையில் காய்ந்த ஒட்டுப்பால் மாதிரி கறுத்து இழுபட்டது. பழைய பல் துலக்கும் பிரஷ், பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கியர்களில் தேய்மானம் இல்லை. தண்டுகள் சுழலும் இடங்களில் இருந்த சாதாரண புஷ்களை எடுத்துவிட்டு, 5 மில்லிமீட்டர் உள்விட்டமும் 11 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் உள்ள பேரிங்குகளைப் போட்டேன். முன்பு கையால் சுழற்றினால் உடனே நின்ற சக்கரம், இப்போது நான் அடுத்த ஸ்க்ரூவை எடுக்கும்வரை சுற்றியது.

பழைய பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது என்று பலர் கவலைப்படுவார்கள். மஞ்சள் வேனை வாங்கியவனுக்கு அந்தக் கவலை இல்லை. தின்னர் மட்டும் பக்கத்தில் வரக்கூடாது, இந்த வகைப் பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும். பளபளக்கும் குரோம் பம்பரைக் குளோராக்ஸ் போன்ற ப்ளீச்சில் ஊறவைத்தால் பூச்சு மொத்தமும் போய்விடும். கூட்டின் உள்பக்கம் ஏதோ ஒரு பிள்ளை மார்க்கரால் எழுதிய 7 என்ற எண் இருந்தது. அதை அழிக்கவில்லை.

தோட்டத்தில் ஓட்டம்

ஞாயிற்றுக்கிழமை மாலை தோட்டத்துத் திடலில் இறக்கினேன். விசையை ஒரே அழுத்தாக அழுத்தியதும் முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. இந்த வண்டிக்குப் பேர் வாங்கித் தந்த குணமே அதுதான். பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் பந்தை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

புல்லில் ஒழுங்காகப் போனது. செம்பனைக்கு நடுவே போகும் செம்மண் பாதையில்தான் சுயரூபம் தெரிந்தது. ஸ்பிரிங்குகளில் எண்ணெய் கிடையாது, அதனால் குதித்த துள்ளல் அடங்க நேரம் எடுக்கும். பாதையில் கிடந்த ஓர் உதிரிப் பழத்தின் மேல் ஏறியது. அந்தத் துள்ளல் அடங்குவதற்குள் அடுத்த பழம். மூன்றாவதில் மல்லாந்துவிட்டது. வேகமாக வளைத்தாலும் கவிழும், உயரமும் குறுகிய உடம்பும் அப்படி. பந்தய வண்டி தேடுகிறவர்களுக்கு இது ஆகாது. கவிழ்ந்ததை நிமிர்த்த ஓடிய பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல வண்டி இல்லை. 3000 மில்லி ஆம்ப்-அவர் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியில் ஏறக்குறைய 20 நிமிடம் ஓடியது. லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிக்கு அவசரப்படாதீர்கள். மின்னழுத்தம் இறங்கினால் துண்டிக்கும் வசதியும் அதற்கென்றே உள்ள சார்ஜரும் இல்லாமல் அது ஆபத்து.

கணக்கு

வண்டி 40 வெள்ளி, ரேடியோ 120, பேட்டரியும் சார்ஜரும் 110, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 60, பேரிங் 30, ஸ்க்ரூ டிரைவர் 25, கிரீஸ் 15. மொத்தம் 400 வெள்ளி. இதில் ரேடியோ, பேட்டரி, சார்ஜர் மூன்றும் புதுப் பெட்டி வாங்கினாலும் தனியாக வாங்க வேண்டியவை. அந்த 230ஐக் கழித்தால், வண்டியை வாங்கி உயிர் கொடுக்க ஆனது 170. நான்கு வார இறுதிகள் இந்தக் கணக்கில் இல்லை.

என் தீர்ப்பு: கற்றுக்குட்டிக்கு லஞ்ச் பாக்ஸ் தாராளமாகத் தகும். பாகங்கள் குறைவு, ஸ்பேர் உண்டு, தப்பு செய்தால் திருத்தலாம். கடையில் வாங்கிய நாள் போல ஆக்கப் பார்க்காதீர்கள். செலவுக்கு எல்லை இருக்காது, பிறகு மண்ணில் இறக்கவும் மனசு வராது. முதலில் ஓட வையுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால், சரியான ஸ்க்ரூ டிரைவரை வாங்குங்கள்.