சபா மேடையிலிருந்து வந்த இசை: வி. குமாரின் திரைப்பாடல்கள் குறித்து

தமிழ்த் திரையிசை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரே தலைமுறைக் கோட்டினைப் பின்பற்றுகின்றனர். ஜி. ராமநாதன், எஸ்.எம். சுப்பையா நாயுடு, சி.ஆர். சுப்பராமன் ஆகியோரிடம் தொடங்கி, கே.வி. மகாதேவன், விஸ்வநாதன் – ராமமூர்த்தி வழியாக நகர்ந்து, 1976இல் ‘அன்னக்கிளி’யோடு இளையராஜாவிடம் வந்து சேரும் கோடு அது. பாடம் நடத்துவதற்கு வசதியானது. அக்கோட்டில் இடம்பெறாதோர் ‘பிறர்’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்கப்படுவர். அவ்வாறு அடைக்கப்பட்டோருள் ஒருவர் ‘மெல்லிசை மாமணி’ வி. குமார் (1934–1996).

குமாரின் பாடல்கள் மறக்கப்பட்டவை அல்ல என்பதை முதலிலேயே கூறிவிட வேண்டும். ‘ஒருநாள் யாரோ’, ‘காதோடுதான்’, ‘தாமரைக் கன்னங்கள்’, ‘உன்னிடம் மயங்குகிறேன்’ ஆகியவற்றை அறியாத பழம்பாடல் சுவைஞர் அரியர். மறக்கப்பட்டது இசையமைத்தவரின் பெயர் மட்டுமே. இப்பாடல்களைக் கேட்போர் பலர் இவற்றை எம்.எஸ். விஸ்வநாதனுடையவை என்றே கருதுகின்றனர். இதனைச் சிலர் குமாருக்குக் கிடைத்த பாராட்டாகவும் கொள்வர். இக்கட்டுரை அவ்வாறு கொள்ளவில்லை. விஸ்வநாதனின் சாயலாகக் கேட்கும்வரை குமாரின் இசையில் உள்ள தனித்தன்மை செவிக்குப் புலப்படாது. அத்தனித்தன்மையின் ஊற்றுக்கண் திரைப்படக் கூடத்தில் இல்லை. 1960களின் சென்னைச் சபா நாடக மேடையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சபா நாடகம் என்னும் பயிற்சிக்களம்

நாடகத்திலிருந்து திரையிசைக்கு வந்தோர் தமிழில் பலர். எனினும் ‘நாடகம்’ என்னும் சொல் இங்கு இருவேறு மரபுகளைக் குறிக்கிறது. சுப்பையா நாயுடுவும் கே.வி. மகாதேவனும் வளர்ந்தது தொழில்முறை நாடகக் கம்பெனிகளில். அம்மேடையில் பாட்டுதான் கதையைச் சுமந்தது. நடிகன் பாடத் தெரிந்தவனாக இருந்தாக வேண்டும். ஆர்மோனியக்காரர் மேடையின் பாதி அரசர். விஸ்வநாதன் வந்த வழி வேறு. அவர் ஜூபிடர் நிறுவனத்தில் கீழ்நிலைப் பணியிலிருந்து உயர்ந்து, சுப்பையா நாயுடு, சுப்பராமன் போன்றோரிடம் உதவியாளராக நேரடியாகத் திரையிசையைப் பயின்றவர்.

குமாரின் வழி இவ்விரண்டும் அன்று. தொலைபேசித் துறையில் பணிபுரிந்தவாறே, கே. பாலசந்தரின் ‘ராகினி ரிக்ரியேஷன்ஸ்’ குழுவின் நாடகங்களுக்கு இசையமைத்தவர் அவர். பாலசந்தரும் அப்போது மாநிலக் கணக்காயர் அலுவலக ஊழியர். பகலில் கோப்பு, மாலையில் ஒத்திகை என்று வாழ்ந்த நடுத்தர வர்க்கத்தினரின் மேடை அது. கம்பெனி நாடகத்தின் பாட்டு வெள்ளம் அங்கு வற்றிவிட்டது. உரையாடலே அங்கு அரசோச்சியது. இசையின் பணி, பேச்சுக்கும் பேச்சுக்கும் இடைப்பட்ட மௌனத்தைத் தாங்குவது; காட்சி மாறுவதை உணர்த்துவது; நடிகரின் குரலை மூடிவிடாமல் அதன் அடியில் ஓடுவது. கூடத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு வசனம் கேட்காமற்போனால், இசை எத்துணை இனியதாயினும் குற்றமே.

இந்த ஒழுக்கம்தான் குமாரைத் திரையில் வேறுபடுத்தியது. 1965இல் பாலசந்தர் இயக்குநராக அறிமுகமான ‘நீர்க்குமிழி’யே குமாருக்கும் முதற்படம். மருத்துவமனை ஒன்றின் சுவர்களுக்குள்ளேயே நிகழும் கதை, நாடகத்திலிருந்து உருப்பெற்றது. அதே ஆண்டின் ‘நாணல்’, அடுத்து ‘மேஜர் சந்திரகாந்த்’ (1966), ‘எதிர்நீச்சல்’ (1968), ‘இரு கோடுகள்’ (1969), ‘நவக்கிரகம்’ (1970), ‘நூற்றுக்கு நூறு’ (1971), ‘வெள்ளி விழா’ (1972), ‘அரங்கேற்றம்’ (1973) என இக்கூட்டணி தொடர்ந்தது. இவற்றுட் பல வீட்டுக் கூடம், அலுவலகம், வாடகைக் குடியிருப்பு ஆகிய சிறிய இடங்களில் நிகழ்பவை. மலையுச்சியிலும் அரண்மனையிலும் பாடப்படும் பாடல்களுக்கு உரிய ஓசைப் பெருக்கம் இங்குப் பொருந்தாது. குமார் அதனை நாடவும் இல்லை.

பேச்சின் நீட்சியாகப் பாடல்

‘எதிர்நீச்சல்’ படத்தின் ‘அடுத்தாத்து அம்புஜத்தை’ என்னும் பாடலை நகைச்சுவைப் பாடல் எனப் பெயரிட்டு விலக்கிவிடுவது வழக்கம். அது பொருந்தாது. வாடகை வீடொன்றில் வாழும் பிராமணத் தம்பதியினர் (ஸ்ரீகாந்த், சௌகார் ஜானகி) இடையே அன்றாடம் நிகழும் பூசல் அது. பக்கத்து வீட்டுக்காரிக்கு வாய்த்தது தனக்கு வாய்க்கவில்லை என்று மனைவி குறைகூற, கணவன் சளைக்காமல் மறுமொழி தருகிறான். வாலியின் வரிகள் வழக்குமொழியில் அமைந்தவை. பேச்சு வழக்கை மெட்டில் அமர்த்தும்போது பொதுவாக இரண்டு விபத்துகள் நேரும்: ஒன்று, மெட்டுக்காக அசை நீண்டு பேச்சின் இயல்பு கெடும், மற்றொன்று, பேச்சுக்காக மெட்டு தேய்ந்து வசனமாகிவிடும். குமாரின் மெட்டு இவ்விரண்டுக்கும் இடையில் நடக்கிறது. சொற்கள் வாயில் விழும் வேகத்திலேயே தாளத்தில் விழுகின்றன. மனைவியின் குறை முடியும் இடத்திலேயே கணவனின் பதில் தொடங்குகிறது. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜி கணேசனுக்கும் வீரமும் சோகமும் முழங்கிய டி.எம். சௌந்தரராஜனின் குரல், இங்கு மனைவியின் வாய்க்கு ஈடுகொடுக்கத் திணறும் ஓர் எளிய குடும்பத் தலைவனின் குரலாகச் சுருங்குகிறது. அச்சுருக்கம் பாடகரின் திறன். அதனைக் கோரியது இசையமைப்பாளரின் செவி.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயன்படும். பாலசந்தரே இயக்கி விஸ்வநாதன் இசையமைத்த ‘பாமா விஜயம்’ (1967) படத்தின் ‘வரவு எட்டணா’வும் குடும்பச் செலவுக் கணக்கைப் பற்றியதே. விஸ்வநாதன் அதனைப் பல குரல்கள் சேர்ந்து பாடும் விழாவாக உயர்த்துகிறார். கேட்பவர் குடும்பத்தை மறந்து பாடலின் களிப்பில் ஈடுபடுகிறார். குமாரின் பாடலில் நாம் அந்த அறையை விட்டு வெளியேறுவதே இல்லை. ஒன்று மற்றொன்றினும் சிறந்தது என்பது இவ்வொப்பீட்டின் கருத்தன்று. முதலாவது பாடலைக் காட்சியிலிருந்து விடுவிக்கும் கலை. இரண்டாவது பாடலைக் காட்சிக்குள் தங்கவைக்கும் கலை. நம் திறனாய்வு முதலாவதை மட்டுமே அளக்கக் கற்றிருக்கிறது.

‘மேஜர் சந்திரகாந்த்’ படத்தில் நாகேஷ் ஏற்ற தையற்காரர் பாத்திரம், தங்கையின் திருமணத்தைக் கற்பனை செய்து பாடும் ‘கல்யாண சாப்பாடு’ பாடலும் இவ்வகையினதே. சகோதரப் பாசத்தைக் கண்ணீரால் மட்டுமே பாடிய காலத்தில், அதனைக் கேலியும் துள்ளலுமாக வெளிப்படுத்தியது அப்பாடல். அத்தங்கையின் வாழ்வு அடுத்துச் சிதையப்போகிறது என்பதை அறிந்து மீண்டும் கேட்கும்போது அத்துள்ளலே நெஞ்சை உறுத்துகிறது. ‘இரு கோடுக’ளில் குமாஸ்தா ஒருவர் தம் பதவிப் பெயரையே பல்லவியின் முதலாக்கிப் பாடுகிறார். குமாஸ்தா என்னும் சொல் தமிழ்த் திரைப்பாட்டின் பல்லவியில் ஏறுவதற்கு, அலுவலகம் முடிந்து ஒத்திகைக்கு வந்தோரின் மேடை ஒன்று முன்னரே தேவைப்பட்டது.

குரலும் பாத்திரமும்

நாடக இயக்குநர் வேடத்திற்கு நடிகரைத் தேர்வது போலவே குமார் பாடலுக்குக் குரலைத் தேர்ந்தார். அவருடைய சாதனையில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட பகுதி இதுவே.

எல்.ஆர். ஈஸ்வரியின் குரலைத் திரையுலகம் பெரிதும் விடுதி நடனங்களுக்கும் குறும்புப் பாடல்களுக்கும் ஒதுக்கி வைத்திருந்தது. ‘பணமா பாசமா’ (1968), ‘சிவந்த மண்’ (1969) ஆகிய படங்களில் அவர் பாடிய பாடல்களின் புகழே அவ்வெல்லையை இன்னும் இறுக்கியது. குடும்பப் பெண்ணுக்குப் பி. சுசீலா, மயக்கும் பெண்ணுக்கு ஈஸ்வரி என்னும் பிரிவினை இசைத்தட்டுகளில் மட்டுமன்றி ஒழுக்கவியலிலும் வேரூன்றியிருந்தது. ‘வெள்ளி விழா’வில் கணவனிடம் தனிமையில் மனம் திறக்கும் மனைவியின் பாடலாகிய ‘காதோடுதான்’ ஈஸ்வரிக்கு அளிக்கப்பட்டபோது உடைந்தது அந்தப் பிரிவினையே. அப்பாடலில் ஈஸ்வரி குரலை எங்கும் எறியவில்லை. மூச்சுக்கு மிக அண்மையிலான ஒலியில், காதருகே கூறுவது போல, சொற்களுக்கிடையே இடம் விட்டுப் பாடுகிறார். பின்னணியும் அவ்வொலியளவை மீறாது அடங்கி நிற்கிறது. கவர்ச்சிக்கெனப் பயன்பட்ட அதே குரற்செறிவு இங்கு இல்லறத்தின் நெருக்கமாகப் பொருள் மாறுகிறது. இப்பாடலைச் சுசீலா பாடியிருந்தால் இனிமை குறைந்திராது. ஆனால் மனைவியின் அன்பில் உடலும் உண்டு என்னும் உண்மை இவ்வளவு மென்மையாகத் தமிழ்ப் பாட்டில் ஒலித்திராது.

‘இரு கோடுக’ளின் ‘புன்னகை மன்னன்’ இதனினும் நுட்பமான எடுத்துக்காட்டு. ஒரே ஆடவரை மணந்த இரு பெண்களின் கதையில், ருக்மிணி, பாமா என்னும் புராண மறைப்பின் பின்னே அவ்விருவரும் தத்தம் உரிமையைப் பாடுகின்றனர். சுசீலாவுக்கு எதிரே குமார் நிறுத்தியது கே. ஜமுனா ராணியை. 1950களில் புகழ்பெற்ற ஜமுனா ராணி 1969இல் அரிதாகவே பாடிக்கொண்டிருந்தார். வழுவழுப்பான ஒரு குரலும், சற்றே கூர்மையும் பேதைமையும் கலந்த பழைய குரலொன்றும் எதிரெதிரே நிற்கையில், எவர் எவரெனக் கண்ணால் பாராமலே கேட்பவர் உணர்கிறார். இருவருக்கும் ஒரே மெட்டுப் பரப்பே பகிரப்படுகிறது. வெற்றி தோல்வி எவர் பக்கமும் சாய்வதில்லை. படத்தின் மையச் சிக்கலும் அதுவேயன்றோ!

இதே நோக்கில்தான் ‘வெள்ளி விழா’வின் ‘உனக்கென்ன குறைச்சல்’ பாடலைக் காண வேண்டும். அதனைப் பாடியவர் எம்.எஸ். விஸ்வநாதன். தம்மினும் புகழ்மிக்க இசையமைப்பாளர் ஒருவரைத் தம் இசையில் பாடவைத்தது நட்புக்கும் பெருந்தன்மைக்கும் சான்றாகக் கூறப்படுகிறது. அஃது இருக்கட்டும். கதைமாந்தர் எவருடைய வாய்க்கும் பொருந்தாமல், மனச்சான்றின் குரலாக வெளியிலிருந்து ஒலிக்கத்தக்க கரகரப்பு விஸ்வநாதனிடம் இருந்தது. அப்பாடல் வேண்டியதும் அதுவே. விஸ்வநாதனின் நிழலாகக் கருதப்படும் ஒருவர், விஸ்வநாதனையே தம் நாடகத்தின் பாத்திரங்களுள் ஒன்றாக்கிக்கொண்டார் என்பதில் உள்ள நயம் ஆய்வாளர் கவனத்திற்கு உரியது.

பெயர் மறைந்த வழி

இத்தகைய இசையமைப்பாளர் வரலாற்றில் மங்கியதற்குக் காரணங்கள் உள. குமாரின் சிறந்த பாடல்களிற் பெரும்பாலானவை எம்.ஜி.ஆருக்கோ சிவாஜி கணேசனுக்கோ அமைந்தவையல்ல. நாகேஷ், ஜெமினி கணேசன், ஜெய்சங்கர் ஆகியோருக்கும் பெண் பாத்திரங்களுக்கும் அமைந்தவை. நாயகர் வழிபாட்டோடு இணைந்து பரவிய பாடற்புகழ் அவரை அடையவில்லை. பாலசந்தர் இதே ஆண்டுகளில் விஸ்வநாதனையும் மாறிமாறிப் பயன்படுத்தினார். பாடகரும் பாடலாசிரியரும் ஏறக்குறைய அவர்களே. எனவே நினைவில் இருவரும் கலந்தனர். பட்டங்களிலும் ‘மெல்லிசை’ என்னும் சொல் பொதுவாக அமைந்தது மேலும் குழப்பியது போலும்.

ஆயினும் பொறுப்பில் ஒரு பங்கு நம் துறையையும் சாரும். தமிழ்த் துறைகளில் திரைப்பாடல் ஆய்வென்பது பெரிதும் பாடலாசிரியர் ஆய்வே. கண்ணதாசனின் தத்துவம், பட்டுக்கோட்டையாரின் சமூகப் பார்வை, வாலியின் உவமை என்று ஏடுகள் பெருகுகின்றன. பாடல் அச்சிட்ட கவிதையாகவே வாசிக்கப்படுகிறது. ‘நீர்க்குமிழி’யில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய நிலையாமைப் பாடலைச் சுரதாவின் பெயரால் மேற்கோள் காட்டும் நூல்களில், அந்நிலையாமைக்கு ஓசை தந்தவர் பெயர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. பாடலின் பொருள் சொல்லில் மட்டுமே உள்ளது என்னும் எடுகோளை ஏற்றுக்கொண்டால் ‘காதோடுதான்’ பாடலின் பாதிப் பொருளை இழந்துவிடுகிறோம். ஏனெனில் அப்பாதி ஈஸ்வரி என்னும் தேர்வில் இருக்கிறது.

குமாரின் ஆக்கங்கள் அனைத்தும் ஒரே தரத்தன என்பதும் பொருந்தாது. பாடல்களின் இடையிசையில் அவர் அக்கால வழக்கத்தை அரிதாகவே மீறினார். வலுவான நாடகச் சூழல் அமையாத படங்களில் மெட்டுகள் பழகிய தடத்திலேயே செல்கின்றன. ‘அரங்கேற்ற’த்தின் பின் பாலசந்தர் பெரிதும் விஸ்வநாதனோடு இணைந்தார். உரையாடலை அடித்தளமாகக் கொண்ட கதைகள் குமாருக்குக் குறைந்தன. பேச்சின் அடியில் ஓடப் பழகிய இசைக்குப் பேச்சே வலுவிழந்தபோது பிடிமானம் குறைவது இயல்பு.

அக்குறைவினூடே எழுந்த விதிவிலக்கு ‘தேன் சிந்துதே வானம்’ (1975) படத்தின் ‘உன்னிடம் மயங்குகிறேன்’. கே.ஜே. யேசுதாஸின் பாடல், படத்தை நினைவுகூர்வோர் இன்று மிகச் சிலரே. காதலைப் பறைசாற்றாமல், எதிரே இருப்பவருக்கு மட்டும் கேட்கும் ஒலியில் கூறும் மெட்டு அது. மேடையில் நடிகரின் குரலுக்கு வழிவிடக் கற்ற பழைய ஒழுக்கம், நாடகமே இல்லாத அவ்விடத்திலும் அப்படியே இருக்கிறது.