கைப்பிடிக் கணக்கும் ஏட்டுக் குறிப்பும்

வீட்டுச் சமையல் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் இரண்டு வகை. சமையல் நூல்கள் அளவையும் பக்குவத்தையும் சொல்லும். யார், யாருக்காகச் சமைத்தார் என்பதைச் சொல்லாது. கதையும் கவிதையும் தன்வரலாறும் சமைத்தவரைக் காட்டும். புளி எவ்வளவு என்பதை விட்டுவிடும்.

இந்தப் பிளவு பழையது. சிறுபாணாற்றுப்படையில் மன்னன் நல்லியக்கோடனின் விருந்தைச் சொல்லும் நத்தத்தனார், பீமசேனனின் மடைநூலை, அதாவது சமையல் நூலைக் குறிப்பிடுகிறார். சமையலுக்கு இலக்கணம் உண்டு என்ற எண்ணம் அன்றே இருந்திருக்கிறது. ஆனால் அது அரண்மனை அடுக்களை. சாதாரண வீட்டுக்குக் குறுந்தொகை 167ஆம் பாட்டுக்குப் போகவேண்டும். தயிர் பிசைந்த விரலை உடுத்த துணியில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, புது மனைவி புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் நன்றாயிருக்கிறது என்று உண்டதும் அவள் முகம் மெல்ல மலர்ந்ததைச் செவிலித்தாய் பார்த்துவந்து சொல்கிறாள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி கோவலனுக்கு ஆக்கிப்போட்ட கடைசிச் சோற்றுக்கும் காய் அரிந்து சிவந்த விரல்களே சாட்சி.

அச்சுக் காலத்தின் பெரிய திருப்பம் 1951இல் வந்த எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. இளம் வயதில் கணவரை இழந்தவர், உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் தூண்டியதால் எழுதினார். அடுப்படி பழகாதவரும் படித்துச் சமைக்கும்படி படிப்படியாகச் சொன்னதே அந்நூலின் பலம். கல்யாணமாகி வெளியூர் போன பெண்களுக்கு அது தாயின் இடத்தில் நின்றது. ஆயினும் அது காட்டுவது பிராமண வீட்டு மரக்கறிச் சமையலை மட்டுமே. செட்டிநாட்டு வீட்டுச் சமையலை விரிவாகச் சொன்ன ‘தி பங்களா டேபிள்’ ஆங்கிலத்தில் வந்த நூல். பாமாவின் ‘கருக்கு’ (1992) தலித் தெருவின் உழைப்பையும் பசியையும் கஞ்சியையும் பேசியது. அந்தச் சட்டியின் செய்முறை அதன் வேலையல்ல. மராத்தியில் ஷாஹு பட்டோளே மராத்வாடா தலித் வீடுகளின் உணவைச் செய்முறையும் நினைவுமாகச் சேர்த்து 2015இல் நூலாக்கினார். தமிழில் அந்த இடம் இன்னும் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது.

எழுதாமல் விட்டால் என்ன போகும் என்பதற்கு யாழ்ப்பாணத்து ஒடியல் கூழ் நல்ல உதாரணம். பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல்; அதை இடித்தெடுத்த மாவை நீரில் ஊறவிட்டுக் கசப்பை வடிக்க வேண்டும். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் ஒரே பானையில் வேகும். அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்ந்தபின் கடைசியில் மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். மாவு எத்தனை தரம் ஊறவேண்டும், கூழ் எந்தத் தடிப்பில் இறங்கவேண்டும் என்பது கிழவிகளின் கைக்கே தெரியும். இரண்டு பேருக்காக யாரும் கூழ் காய்ச்சுவதில்லை. முற்றத்தில் சொந்தபந்தம் கூடி, பலா இலையைக் கோலிக் குடிப்பது அது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் போன வீடுகளில் மாவு பொட்டலத்தில் கிடைக்கிறது, முற்றம் கிடைப்பதில்லை. அளவை மட்டும் எழுதினால் இந்தக் கூழில் பாதி தப்பிவிடும், நினைவை மட்டும் எழுதினால் மற்றப் பாதி.

அளவும் நிலையானதல்ல. எட்டு ஆழாக்கு ஒரு படி என்ற கணக்கு, 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தபின் மெல்ல மெல்லக் கடையை விட்டுப் போயிற்று. பழைய குறிப்பைப் படிக்கும் இன்றைய பிள்ளைக்கு அதுவும் புதிர்தான்.

ஆகவே இனி எழுதப்படும் குறிப்பு இரண்டையும் தாங்கவேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர் ‘எல்லாம் கண்ணளவுதான்’ என்றால், அந்தக் கைப்பிடியைப் பானையில் போடுமுன் தராசில் வைத்துக் கிராமைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில், எந்த நாளில், யாருக்காக அதைச் சமைத்தார் என்று கேட்டு, அதே தாளில் எழுதிவையுங்கள்.