கொட்டியாரக் குடாவின் பாதை

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, மகாவலி கடலில் கலக்கும் கொட்டியாரக் குடாவின் ஊர்களை நெடுங்காலம் இணைத்தது ‘பாதை’ என்னும் மிதவை. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என ஒவ்வொரு துறையாகக் கடந்துதான் தரைவழியே மூதூர் போய்ச் சேரவேண்டும். அந்த அலைச்சல் வேண்டாதவர்கள் திருகோணமலை இறங்குதுறையில் லாஞ்சி ஏறிக் குடாவையே குறுக்கே கடந்தார்கள்.

பாதையின் அமைப்பு எளிது. அதன் அழகும் அதுதான். மிதவைகளின் மேல் ஒரு தளம், இரு கரைக்கும் இழுத்துக் கட்டிய வடம். சிறிய பாதைகளில் வடத்தைக் கையால் பற்றிப் பின்னே இழுக்க இழுக்க, தளம் முன்னே நகரும். நீரோட்டம் வலுத்தால் பயணிகளும் கைகொடுப்பர். மீன்பெட்டி கட்டிய சைக்கிளும் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளும் ஒரே தளத்தில் நிற்க, அக்கரை சேர்வதற்குள் ஊர்ச்செய்தி முழுதும் கைமாறிவிடும்.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. ஆயினும் 2021 நவம்பர் 23 அன்று, பாலவேலை நடந்துகொண்டிருந்த குறிஞ்சாக்கேணியில் மிதவை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உயிரிழந்தனர். பாதை ஓடும் துறை எதுவானாலும் ஆள்வரம்பும் உயிர்காப்பு அங்கியும் கட்டாயமாக வேண்டும்.