பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

ஒருவர் நற்பெயரை இழந்து நிற்கும் நிலையைச் சுட்ட வசை, களங்கம், அவப்பெயர் எனப் பல சொற்கள் தமிழில் உள. அவற்றுள் 'பழி' தனித்தன்மை வாய்ந்தது. பழியைச் சுமத்துகிறோம், ஒருவர் மேல் போடுகிறோம், சில வேளை ஏற்கவும் செய்கிறோம். பாவம் செய்தவரிடமே தங்குவது. பழியோ பிறர் தூக்கி வைக்கும் சுமை. ஆதலால் அது தவறான தலையிலும் ஏறிவிடும். 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்னும் பழமொழி இவ்வேறுபாட்டை நன்குணர்ந்து பிறந்ததாகும்.

சிலப்பதிகாரத்தில் அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லன். பழியோ கோவலன்மேல் விழுந்தது. பாண்டியன் ஆராயவில்லை. கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது அப்பழி கோவலனை விட்டு நீங்கி, மன்னனையே பற்றியது. அதனைத் தாங்காது அவன் உயிர் துறந்தான். உண்மை வென்றது, கோவலனின் வாழ்வு மீளவில்லை.

தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்தில், சூசன்னாவின்மேல் பழி சுமத்தியோர் நடுவர்களாயிருந்த முதியோர் இருவர். அவர்தம் தகுதியை எண்ணியே சபை நம்பியது. இளைஞர் தானியேல் இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எம்மரத்தடியில் கண்டீர் என வினவினார். இருவரும் வெவ்வேறு மரங்களைக் கூறினர். மதுரைக்கும் பாபிலோனுக்கும் இடையே உள்ள வேறுபாடு, உரிய வேளையில் எழுந்த ஒரு வினாவே!

1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எட்டாம் கட்டளையை விளக்குமிடத்து, பொய்யான அவதூறோடு, தக்க காரணமின்றிப் பிறரது உண்மைக் குறையை வெளியிடுவதையும் குற்றமெனக் கூறுகிறது. இதனைக் காட்டி, துன்புற்றோரின் முறையீட்டை அடக்குதல் தகாது. சூசன்னாவின் கதையில் வலியோரின் சொல்லே பொய்த்தது என்பதை நாம் மறத்தலாகாது.

பிறர்க்கு வரும் பழியையும் தமக்கு வந்ததென எண்ணி நாணுவோரை வள்ளுவர் போற்றுகிறார். அன்பியக் கூட்டம் முடிந்து ஆலய முற்றத்தில் ஒருவர் பெயர் அடிபடும்போது, நம்மிடம் இந்நாணம் உண்டா? பிறர் நற்பெயரைச் சிதைத்தவர் மன்னிப்புப் பெற்றபின்னும் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்கிறது அதே மறைக்கல்வி. நம் பாவத்தை ஒப்புரவு அருட்சாதனத்தில் இறக்கி வைக்கலாம். பிறர் தலைமேல் ஏற்றிய பழியை, ஏற்றிய நாமே சென்று இறக்க வேண்டும்.