திண்ணனார் தேடிய பகைவர்

ஏர்பேட்டில் வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நமக்குத் திருக்காளத்தி அண்டை ஊர். விடுமுறை நாட்களில் பிள்ளைகளுடன் சென்று வணங்கி வருகின்றோம். கண்ணப்பர் வரலாற்றை அன்பின் கதையென்றே அவர்களுக்குச் சொல்கின்றோம். அது கொலைத்தொழில் வல்ல ஒருவரின் கதையுமாகும் என்பதைச் சொல்லாது விடுகின்றோம்.

சேக்கிழார் அதனை மறைத்தாரல்லர். பெரியபுராணத்தில் திண்ணனார் வேடர்தலைவன் மகன்; விற்பயிற்சியே அவர் பெற்ற கல்வி. அவரது முதல் வேட்டையை ஆரவாரத்துடன் பாடும் புலவர், அதனிடையே ஓர் எல்லையும் வகுக்கின்றார். வேடர்கள் யானைக் கன்றுகளைத் தொடரவில்லை. சிறு குருளைகளைக் கொல்லவில்லை. சூல்கொண்ட பிணைகளை வருத்தவில்லை. கொல்லும் கைக்கும் ஓர் அறம் உண்டென்பது இதனாற் பெறப்படும்.

இறைவன் கண்ணில் குருதி வழியக் கண்ட திண்ணனார் உடனே தம் கண்ணைக் கொடுத்தாரல்லர். முதலில் வில்லை ஏந்திப் பகைவரைத் தேடினார். மனிதரோ விலங்கோ எதுவும் அகப்படவில்லை. பின்னர்ப் பச்சிலை கொணர்ந்தார். அதுவும் பயன்படாதபோதே தம் கண்ணை அம்பினால் அகழ்ந்து அப்பினார். காப்பியத்தின் உயிர் இவ்விடத்தில்தான் உள்ளதென்பது நம் கருத்து. குருதியை அருகிருந்து கண்டமையால் அவர் சினம் மருத்துவமாயிற்று, பின்னர் ஈகையாயிற்று.

இன்றைய வாழ்வில் அந்த அருகாமை நமக்கு இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதியை ஒட்டிய சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனப்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் ஆந்திரக் காவற்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறிற்று. மனித உரிமை அமைப்பினர் மறுத்தனர். அவ்வழக்கைத் தீர்ப்பது நம் பணியன்று. நம்மைப் பற்றியே சொல்வோம். அலுவலகத்தில் கோப்பு எழுதிப் பழகிய நாம், அன்று 20 என்னும் எண்ணைப் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தோம். 'கடத்தல்காரர்' என்ற ஒரு சொல் நமக்குப் பகைவரைக் காட்டிவிட்டது. மாண்டவர்கள் நம் வீட்டு மொழியைப் பேசியவர்கள் என்று உரக்கச் சொல்லவும் அஞ்சினோம்.

தமிழர் என்பதற்காக மட்டும் வருந்துவதும் போதாது. வேட்டையாடிய வேடர்க்கிருந்த எல்லை, துப்பாக்கி ஏந்துவோர்க்கும் செய்தி படிப்போர்க்கும் வேண்டும். கொலை செய்யும் ஆற்றல் மனிதரை விட்டு நீங்கிவிடும் என்று சேக்கிழார் நமக்கு உறுதி கூறவில்லை. குருதியைக் கண்டு நிற்கும் நெஞ்சு அதனை வேறு வழியில் செலுத்தும் என்றே காட்டினார்.

அடுத்த முறை காளத்தி செல்லும்போது, திண்ணனார் பகைவரைத் தேடியதையும் எவரையும் காணாததையும் பிள்ளைகளுக்குச் சொல்வோமாக.